கூரை மடங்கும் கார்

என் அம்மாவுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. இதைச் சொன்னால் பலரும் "எங்கம்மாவுக்கும்தான்" என்பார்கள். அவர்கள் சொல்வது ஊட்டி மலையேறும்போது குமட்டுவதை. என் அம்மாவுக்குக் கருமத்தம்பட்டி நிறுத்தத்தில், சமதரையில், பஸ் நகர்வதற்கு முன்பே வந்துவிடும். கையில் எலுமிச்சம்பழம், வாயில் புளி, வயிற்றில் கட்டிய செய்தித்தாள், ஜன்னலோரச் சீட்டு என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எந்த ஊர் பஸ் என்பதைப் பக்கத்தில் நிற்பவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வாள். ஆனால் வருவது டீசல் வண்டியா பெட்ரோல் வண்டியா என்பதைத் திரும்பிப் பார்க்காமலே மூக்கால் சொல்லிவிடுவாள்.

அம்மாவும் அப்பாவும் ஒரு முதலாளியின் விசைத்தறிக் கூடத்தில் கூலிக்கு நெய்தார்கள். எங்கள் வீடு கூடத்துக்கு எதிர்வரிசை. தறிகள் ஓடும்போது காதில் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது என்பதால், அங்கே எல்லாரும் கையாலும் உதட்டாலும்தான் பேசுவார்கள். டீ வந்துவிட்டது, முதலாளி வருகிறார், உன் பையன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டான், எல்லாவற்றுக்கும் ஒரு கை உண்டு. நான் பேசப் பழகுவதற்கு முன்பே அந்தக் கைகளைப் படித்தவன். வீட்டில் சண்டை என்றாலும் இருவரும் பாதியைக் கையாலேயே போட்டு முடித்துவிடுவார்கள். அக்கம்பக்கத்துக்குத் தெரியாது.

அம்மாவுக்குக் கூடப்பிறந்தவள் ஒரே அக்கா. என் பெரியம்மா. தாராபுரத்துக்குத் தெற்கே ஒரு பருத்திக் காட்டில் இருந்தாள். அம்மாவால் பஸ் ஏற முடியாததால் வருஷா வருஷம் பெரியம்மாதான் எங்களைப் பார்க்க வருவாள். நான் பாலிடெக்னிக் முடித்து, பீளமேட்டில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்த சமயம், பெரியம்மா வரப்பில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துபோனது. இனி நடக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன், அதாவது பெரியம்மா மகன், முதலாளி வீட்டுக்குப் போன் செய்து என்னைக் கூப்பிடச் சொன்னான்.

"தம்பி, அம்மா சின்னம்மாளையேதான் கேட்டுக்கிட்டு இருக்குது. எப்புடியாச்சும் ஒருக்காக் கூட்டியாந்துபோடு."

அன்றைக்கே அம்மா நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள். பல்லடத்தைத் தாண்டவில்லை. மயங்கி விழுந்தவளை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து குளுக்கோஸ் ஏற்றி, திரும்பக் கூட்டிவந்தேன். பிறகு மொபெட்டில் பின்னால் உட்காரவைத்துப் பார்த்தேன். காரணம்பேட்டை வரும் முன்பே இடுப்பு பிடித்துக்கொண்டது. வாடகைக் கார் பிடிக்கலாம் என்றால் அவை எல்லாமே டீசல், போதாததற்குக் கண்ணாடி ஏற்றிய பெட்டி. "விடு கண்ணு" என்றாள் அம்மா. அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பெரியம்மா அனுப்பியிருந்த பருத்தித் தலையணையை மட்டும் வேறு யாரும் வைத்துப் படுக்க விடமாட்டாள்.

அந்த நிலைமையில்தான் காரைப் பார்த்தேன். ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு பழைய பங்களாவில் கிணற்று மோட்டாரைச் சரிபார்க்கக் கம்பெனியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்காரர்கள் பங்களாவை விற்றுவிட்டுப் போகும் அவசரத்தில் இருந்தார்கள். மோட்டார் அறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில், விறகுக்கும் உடைந்த கட்டிலுக்கும் நடுவே அது நின்றது. இரண்டு கதவு, உருண்டை விளக்கு, பின்சீட்டில் கோழி அடைகாத்த வைக்கோல். மேலே கூரை இல்லை. மடக்கி விரிக்கும் கம்பிகள் மட்டும் துருப்பிடித்து மேலே எட்டிப் பார்த்தன. அதைச் செய்த கம்பெனி மூடிப் பல வருஷமாகிவிட்டது என்றார் காவல்காரர். எனக்கு அதெல்லாம் மனதில் ஏறவில்லை. கூரை இல்லாத கார் என்பது மட்டும்தான் ஏறியது. பைக் வாங்கச் சேர்த்திருந்ததை அப்படியே அதில் போட்டேன்.

லாரியில் ஏற்றி வந்து வீட்டு முன்னால் இறக்கியபோது அப்பா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏன்டா, மேல் பாதியக் காணோமே. அது பொறவு வருமா?"

"இது இப்படித்தானுங்கப்பா. அம்மாவுக்குக் காத்து வரோணுமில்ல."

"காத்து வர்றது இருக்கட்டும். வண்டி வருமா?"

வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன் ஒருவனுக்குக் கணபதியில் சொந்த லேத் பட்டறை இருந்தது. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். அவன் எங்களோடு கொங்குத் தமிழ்தான் பேசுவான், கோபம் வந்தால் மட்டும் தெலுங்குக்கு மாறிவிடுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பட்டறையில் வேலை நடக்கும். தரைத்தகடு சல்லடையாக இருந்தது, வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தோம். பிரேக் குழாய்கள், வயர்கள் எல்லாம் புதிது. உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, வேறு ஏதோ வண்டியின் விளக்குக் கண்ணாடியும் வைப்பரும் கண்டுபிடித்தேன். ஒன்றும் அப்படியே பொருந்தாது. எதையும் தேய்த்தோ நீட்டியோதான் மாட்ட வேண்டும். சீட்டுக்குப் பொள்ளாச்சித் தேங்காய் நார் அடைத்து ரெக்சின் தைத்தோம்.

கூரைத் துணி அப்பாவின் பொறுப்பு. கடையில் விற்கும் கான்வாஸை விரலால் தடவிப் பார்த்து, "இது என்ன, கொசுவலையா?" என்று தள்ளிவிட்டார். முதலாளியிடம் கேட்டு, ஒரு தறியில் கெட்டி நூல் ஏற்றி, தாமே நின்று நெய்தார். அவருடைய வேட்டியெல்லாம் கடையில் வாங்கியதுதான். தம் கையால் நெய்த துணி ஒன்று எங்கள் வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. லாரித் தார்ப்பாய் தைப்பவர் அதற்கு மெழுகு ஏற்றி, கம்பிகளில் இழுத்துத் தைத்துக் கொடுத்தார். அப்பா ஒரு குடம் தண்ணீரை மேலே ஊற்றிவிட்டு, உள்ளே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை.

முதல் ஓட்டம் அவிநாசிக் கோயிலுக்கு. கூரையை மடக்கிவிட்டு, அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்தேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். தெக்கலூர் தாண்டியபோது திரும்பிப் பார்த்தேன். கண்ணைத் திறந்திருந்தாள். பழம் மடியில் கிடந்தது.

"பனைமரத்து உச்சியெல்லாம் தெரியுது கண்ணு" என்றாள்.

கோயிலுக்குப் போய்த் திரும்பி, மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டாள். அன்றைக்குச் சாயந்திரமே நான் பெரியம்மா ஊருக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஏனென்றால் நான் கோயமுத்தூரில் வேலை பார்ப்பவன்.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் ஒரு காருக்கு நல்லது செய்வது என்றால் அதற்கு டீசல் இன்ஜின் மாற்றுவது என்று பொருள். பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போனது. பட்டறை வைத்திருந்தவர்கள் எல்லாரும் தங்கள் காரின் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய வேன், ஜீப்பின் டீசல் இன்ஜினைப் பொருத்தி, 'லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது' என்று சந்திக்குச் சந்தி பேசிக்கொண்டிருந்தார்கள். டீக்கடையில் என் காரைப் பார்க்கிறவர்களும் நிறத்தைப் பற்றியோ விளக்கைப் பற்றியோ கேட்கவில்லை. அந்த ஒரு கேள்விதான் கேட்டார்கள். பதிலைச் சொன்னால் அனுதாபத்தோடு பார்த்தார்கள்.

பட்டறை நண்பன் நேராகவே கேட்டான். "ஏன்டா மாப்ள, பெட்ரோல்ல ஓட்டறவன் கோயமுத்தூர்க்காரனாடா? தாராபுரம் போய்ட்டு வர்றதுக்குள்ள உன் சம்பளம் பூராக் குழாய் வழியாப் போயிரும். நம்ம டீசல் இன்ஜினப் போட்டுக் குடுத்தர்றேன். உங்கம்மா மாசா மாசம் அக்காளப் பாத்துட்டு வரலாம்."

மாசா மாசம் என்ற வார்த்தையில் விழுந்துவிட்டேன். இன்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே வைக்க ஒரு இரும்புத் தட்டை நானே வரைந்து, நானே லேத்தில் கடைந்தேன். அளவு நூல் பிசகவில்லை. அந்தத் தட்டைப் பார்க்க வேறு பட்டறைக்காரர்கள் வந்துபோனார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். படித்த படிப்பு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு பொருளாகக் கையில் இருந்தது அப்போதுதான். கழற்றிய பெட்ரோல் இன்ஜினைப் பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயி ஒருவர் வாங்கிக்கொண்டு போனார்.

டீசல் இன்ஜினை வீட்டு வாசலில் கிளப்பியபோது கதவு, கண்ணாடி, விளக்கு எல்லாம் ஆடின. அம்மா முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தாள். நான் அதைப் பார்த்தேன். தூசிக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

"எப்படிம்மா?"

"நல்லாயிருக்குது கண்ணு. தறியாட்டமே சத்தம்" என்றாள்.

அடுத்த ஞாயிறு காலை கிளம்பினோம். பெரியம்மாவுக்கு முறுக்கும், நாலு முழம் மல்லிகையும், ஒரு தைலப் புட்டியும் அம்மா மடியில். சோமனூரைத் தாண்டியதும் அவள் கையால் பேச ஆரம்பித்தாள். இன்ஜின் சத்தத்தில் வேறு வழியில்லை. முதலில் 'நன்றாக இருக்கிறது' என்ற கை. கொஞ்ச தூரம் போய் 'மெல்ல' என்ற கை. பிறகு உள்ளங்கையை நீட்டி, தறியை நிறுத்தச் சொல்கிற கை.

நிறுத்தினேன். இறங்கிப் புளியமரத்து வேரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கூரையை விரித்திருந்தால் புகை வெளியிலாவது போயிருக்கும். திறந்த காரில் அது பின்னாலிருந்து சுழன்று நேராக எங்கள் சீட்டுக்கு வந்திருக்கிறது. பம்பில் தண்ணீர் எப்படிச் சுழலும் என்று படித்துப் பரீட்சை எழுதியவனுக்கு அது தோன்றவில்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு அம்மா சொன்னாள். "நீ போய்ட்டு வா கண்ணு. நா நல்லாயிருக்கறேன்னு அக்காகிட்டச் சொல்லு. இந்தப் பூவ மட்டும் குடுத்துரு, வாடிப்போயிரும்."

"உன்னய இங்க உட்டுப்போட்டா?"

"நா நடந்தே ஊட்டுக்குப் போயிக்கறேன். வெசனப்படாத. உன்ற வண்டிய ஒண்ணும் சொல்லலடா. எனக்குத்தான் கெரகம் ஒத்துக்கறதில்ல."

நான் போகவில்லை. அவளும் வண்டியில் ஏறவில்லை. அவள் நடந்தாள், நான் பின்னாலேயே ஓட்டிவந்தேன். புகை வருகிறது, முன்னால் போ என்று கையைக் காட்டினாள். முன்னால் போய் ஒரு மரத்தடியில் நிற்பேன், அவள் வந்து கடந்ததும் மறுபடி முன்னால் போவேன். சோமனூரில் துணி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று கருமத்தம்பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அதில் ஏறி மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்தாள். முகம் தெளிந்துவிட்டது. பூவை மறுநாள் வரை தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள்.

பழைய இன்ஜினையே திரும்பப் போடவேண்டும் என்று நண்பனிடம் சொன்னேன். அவன் தெலுங்கில் நெடுநேரம் பேசினான். மூச்சு வாங்கிய இடைவெளியில் நான், "அம்மா நடந்து வந்தாங்கடா" என்றேன். அவன் கையிலிருந்த ஸ்பேனரைப் பெஞ்சில் வைத்துவிட்டு, "பொள்ளாச்சிக்காரர் அட்ரஸ் இருக்குதா?" என்று தமிழில் கேட்டான்.

அந்த இன்ஜின் ஒரு கிணற்று மேட்டில், தென்னங்கீற்றுப் பந்தலுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டி, பம்போடு இணைத்திருந்தார் விவசாயி. கிணற்றுத் தண்ணீரே ஒரு குழாய் வழியாக வந்து அதைக் குளிர்வித்துவிட்டு வாய்க்காலில் விழுந்தது. சுற்றிலும் புதிதாக நட்ட தென்னங்கன்றுகள். கரண்ட் கனெக்‌ஷனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு இன்னும் காத்திருக்கிறாராம்.

"ஏனுங் தம்பி, இன்ஜினக் குடுத்துப்போட்டு நா கன்னுக்கு வாயாலயா தண்ணி உடறது?" என்றார்.

வாங்கியதைத் திருப்பித் தா என்று கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. நடந்ததை முழுதாகச் சொன்னேன். பஸ், பல்லடம், பெரியம்மா, அவிநாசி, புளியமரம். அவர் பாதியிலேயே எழுந்து வீட்டுப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏம்புள்ள! இக்கட்டால வா. உன்னாட்டவே இன்னொரு ஆளு கருமத்தம்பட்டில இருக்குதாமா!"

அவர் மனைவி கையை உதறிக்கொண்டு வந்து, எல்லாவற்றையும் என்னை மறுபடி முதலிலிருந்து சொல்லவைத்தார். நடுநடுவே, "புளி வெச்சுப் பாத்தீங்களா? அதெல்லாம் சும்மாங்க" என்று தம் அனுபவத்தையும் சேர்த்தார். உடுமலையிலிருக்கும் தம் தாய்வீட்டுக்கு அவர் போய் எத்தனையோ நோம்பி பண்டிகை கடந்துவிட்டதாம். கடைசியில் புருஷனைப் பார்த்துச் சொன்னார்.

"அந்தத் தம்பிகிட்ட டீசல் மெசின் இருக்குதுன்னு சொல்லுதில்ல? அத வாங்கிக்கிட்டு இதக் குடுத்துப்போடுங்க. டீசல் மெசினுக்குத் தோட்டந்தான் எடம். காருக்குள்ள கொண்டுபோய் வெச்சது ஆரு?"

"நாந்தானுங்க" என்றேன்.

"படிச்சிருக்கறீங்களா?"

"ஆமாங்க."

"இருக்கட்டுங்க, பரவாயில்ல" என்றார்.

டீசல் இன்ஜின் அந்தப் பந்தலுக்குப் போனது. விவசாயி அதைக் கிளப்பிவிட்டு வாய்க்காலில் தண்ணீர் பாயும் வேகத்தைப் பார்த்ததும், இன்னும் யாருக்காவது அம்மா இருந்தால் அனுப்பிவையுங்கள் என்றார். மண்ணெண்ணெயில் ஓடிக் கரிபிடித்திருந்த பெட்ரோல் இன்ஜினைப் பிரித்து, சிலிண்டர் கடைந்து, ரிங்குகள் மாற்றி, பழையபடி பொருத்தினோம். இந்தத் தடவை நான் செய்த ஒரே புது வேலை புகைக்குழாயை நீட்டி, அம்மா உட்காராத பக்கமாகத் திருப்பியதுதான். நான் கடைந்த இரும்புத் தட்டு பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கியது. வாசலில் இன்ஜினைக் கிளப்பியபோது அம்மா பக்கத்தில் வந்து நின்று முகர்ந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய், பீரோவிலிருந்து நல்ல சேலையை எடுத்தாள்.

பல்லடம் வந்தது, போனது. முன்பு குளுக்கோஸ் ஏற்றிய ஆஸ்பத்திரியை அம்மா தலையைத் திருப்பிப் பார்த்தாள். குண்டடத்தில் நிறுத்தி இளநீர் குடித்தோம். தாராபுரம் தாண்டிக் காட்டுப் பாதையில் இறங்கியபோது அண்ணன் ஓடிவந்து தடத்திலிருந்த முள்ளை இழுத்துப் போட்டான்.

பெரியம்மா சாளைக்குள் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தாள். சாளை என்பது எங்கள் பக்கம் தோட்டத்தில் போடும் கூரை வீடு. அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். இத்தனை தூரம் வந்தவளுக்கு அந்தக் கடைசி எட்டு வைக்கக் கால் வரவில்லை. பெரியம்மாதான் முதலில் பேசினாள்.

"ஏனாயா, வாந்தி எடுத்தயா?"

"இல்லக்கா."

"நெசமா?"

"நெசமாத்தான். பையன் கார்ல வந்தேன். மேல ஒண்ணும் இல்லாத கார்."

"மேல ஒண்ணும் இல்லாம ஆருடா கார் வித்தது உனக்கு? ஏமாத்திப்போட்டானா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அம்மா சிரித்துக்கொண்டே போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அப்படியே அழுதாள்.

காரைப் பார்த்தே ஆகவேண்டும் என்றாள் பெரியம்மா. அண்ணனும் நானும் கட்டிலோடு தூக்கிவந்தோம். கூரை மடங்கியிருந்ததால் அவளை மேலிருந்தே அலுங்காமல் சீட்டில் இறக்க முடிந்தது. வேறெந்தக் காரிலும் அது நடக்காது. ஒரு சுற்றுச் சுற்றிவரலாமா என்று சாவியைத் திருகப் போனேன்.

"ஓட்டாதடா, எலும்பு குலுங்கும். நிக்கட்டும். நீ எறங்கு" என்றாள்.

நான் இறங்கினேன். அம்மா என் இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். வேப்பமர நிழலில் நின்ற காரில் இருவரும் பொழுது சாய்கிற வரைக்கும் ஊர்க்கதை, வீட்டுக்கதை என்று நாயம் பேசினார்கள். சாப்பாட்டுத் தட்டும் அங்கேதான் போனது. இவ்வளவு வேலை செய்து ஓடவைத்த வண்டி, ஓடாமல் நின்றதுதான் அன்றைக்கு அதிகம்.

திரும்பும்போது பல்லடத்துக்கு இப்பால் தூற்றல் பிடித்தது. கூரையை விரிக்க ஓரமாக நிறுத்தினேன்.

"வேண்டாம் கண்ணு. மூடுனா பொட்டியாயிரும்" என்றாள் அம்மா. பின்சீட்டில் பெரியம்மா கொடுத்தனுப்பிய பருத்திச் சாக்கை டிக்கிக்குள் காலி செய்து, ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்து, கொங்காடையாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். மழையில் ஆடு மேய்ப்பவர்கள் போட்டுக்கொள்வது. எனக்கு அதுவும் இல்லை. சோமனூர் வழியாக இருவரும் நனைந்துகொண்டே வந்தோம். பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றவர்கள் கூரையுள்ள காரில் நனைந்து போகிற எங்களைப் பார்த்தார்கள்.

அப்பாவுக்கு அன்று ராத்திரி ஷிப்டு தொடங்கியிருந்தது. கார் சத்தம் கேட்க வாய்ப்பில்லை, எப்படித் தெரிந்ததோ, தறிக்கூடத்து வாசலில் வந்து நின்றார். உள்ளே அத்தனை தறியும் ஓடிக்கொண்டிருந்தது. தொண்டையில் கை வைத்துக் கேட்டார், வாந்தி வந்ததா? அம்மா காரில் இருந்தபடியே இல்லை என்று கையை விரித்தாள். அவர் பார்வை மடங்கிக் கிடந்த கூரைக்குப் போனது. என் துணியை ஏன் விரிக்கவில்லை, ஒழுகுகிறதா? அம்மா அதைத் தள்ளிவிட்டாள், அது கிடக்கட்டும். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். கட்டில், இடுப்பு, பெரியம்மா இளைத்துப்போனது, தூக்கிவந்து காரில் வைத்தது, என்ன குழம்பு, யார் யாருக்கு என்ன ஆயிற்று. சாக்கு முனையிலிருந்து தண்ணீர் சொட்ட, இரண்டு கைகளும் ஓயவில்லை. உள்ளே ஏதோ ஒரு தறியில் இழை அறுந்து நின்றுவிட்டது. அப்பா திரும்பி உள்ளே பார்த்தார். இரு வருகிறேன் என்று அம்மாவுக்குக் கையைக் காட்டிவிட்டு ஓடினார். அம்மா இறங்கவில்லை. மீதியைச் சொல்லக் கைகளை மடியில் தயாராக வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.